விடிகாலை மழைக்கு எந்தத் தேதி

அக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. கெடா மாநிலம், மூங்கில்பாலத் தோட்டம் மூன்றாம் பிரிவில், காளிதாசன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் பின்வருமாறு. வாசலைப் பார்த்த நாற்காலியில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் லோகேஸ்வரன். அந்த வீட்டில் கை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். சுவரோரச் சோபாவில் காளிதாசனின் மகள் ரூபினி. பாக்கார் ஆராங்கில் அறை எடுத்துத் தங்கி ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறவள். சோபாவின் மறுகோடியில் நான், மேல்முறையீட்டுக் கடிதத்தை மலாயில் எழுதிக் கொடுப்பதற்காக. சமையலறை நிலைப்படியில் காளிதாசனின் மனைவி பிரேமாவதி, முன்னால் ஒரு கட்டு கங்கோங் கீரை. அவளுக்குப் பின்னால், பின்வாசல் படியில், காளிதாசனின் கும்பலில் பால் மரம் வெட்டுகிற ராக்காயி. காளிதாசன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மூன்று முறை உட்காரச் சொன்னேன். நாலாவது முறை சொல்லவில்லை.

மேசைமேல் நான்கு ஆவணங்கள். விசாரணை முடிவுக் கடிதம் ஒன்று. தோட்ட ஆபீஸ் வாசலில் நட்டிருக்கிற தானியங்கி மழைக் கம்பத்தின் கணக்கு, பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், அச்செடுத்துத் தந்தது, இரண்டு பக்கம். ஆபீஸ் மழைப் புத்தகத்தில் அக்டோபர் மாதத் தாளின் நகல். நாலாவது, கையெழுத்துப் போடாத ஒப்புதல் கடிதம்.

காளிதாசன் மண்டோர், அதாவது கும்பலின் மேற்பார்வையாளர். பதினான்கு பேர் அவர் கீழே பால் மரம் வெட்டுகிறார்கள். வெட்டு என்றால் ரப்பர் மரப் பட்டையில் கோடு கீறிப் பால் இறக்குவது. மற்ற பிரிவெல்லாம் எண்ணெய்க்கான செம்பனையாகி விட்டது. ரப்பர் மிச்சமிருப்பது மூன்றாம் பிரிவில் மட்டும். காலை ஐந்து மணிக்குப் பெரட்டு, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிற நேரம். மரம் ஈரமாக இருந்தால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்துவிடும், பட்டையும் அழுகும். அதனால் இன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா என்று பெரட்டில் சொல்ல வேண்டியது மண்டோரின் பொறுப்பு. அக்டோபர் ஒன்பதாம் தேதியும் பதினேழாம் தேதியும் காளிதாசன் வெட்டு இல்லை என்றார். அந்த இரண்டு நாளும் காலையில் மழையே பெய்யவில்லை, பொய் சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று நிர்வாகம் விசாரணை வைத்து முடிவு கட்டிவிட்டது.

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மண்டோர் வேலை போகும். புல் வெட்டும் கும்பலில் சேர்த்துக்கொள்வார்கள், வீடு நிற்கும். போடாவிட்டால் வேலை நீக்கம், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேல்முறையீடு செய்வதானால் அலோர் ஸ்டாரில் இருக்கும் மேல் ஆபீசுக்கு எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். கெடாவில் ஞாயிறு வேலை நாள் என்பதால் குருண் தபால் நிலையம் திறந்திருக்கும். எங்களிடம் ஒரே ஒரு மாலைப்பொழுது இருந்தது.

"மொதல்ல நல்லா ஒரு முன்னுரை போடணும்ணே," என்றார் லோகேஸ்வரன். "நூறு வருசமா இந்த மண்ணுக்கு ஒழைச்ச சமுதாயம்னு ஆரம்பிச்சி, அப்படியே குழாய்த் தண்ணி, கோயிலுக்குப் போற ரோடு, கக்கூஸ் கதவு, எல்லாத்தயும் ஒவ்வொரு பாராவா…"

"அப்படியே ஒங்க மக கல்யாணத்தயும் சேத்துக்குங்க தலைவரே," என்று பின்வாசலிலிருந்து ராக்காயி சொன்னாள். "பத்திரிக்கை அடிக்கிற செலவு மிச்சம்."

"பொம்பளைங்க கொஞ்சம் பேசாம இருங்க."

"நனஞ்சது நாங்க. பேசறது நீங்க."

முன்னுரை வேண்டாம், தேதியும் மணியும் போதும் என்று நான் சொன்னேன். லோகேஸ்வரன் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தார்.

ஒன்பதாம் தேதி என்ன நடந்தது என்று காளிதாசனைக் கேட்டேன்.

"எத்தன வாட்டிண்ணே சொல்றது. விசாரணையில சொன்னேன், மேனேஜர்கிட்ட சொன்னேன், பெரிய கிராணிகிட்ட சொன்னேன். நாலரை தாண்டி கடல் பக்கமிருந்து, தஞ்சோங் டாவாய் பக்கமா, காத்து வந்திச்சு. அந்தக் காத்து வந்தா கால் மணி நேரத்துல மழ. பெரட்டுக்கு நான் ரெயின்கோட்டோட நிக்கிறேன். லைட்டு அடிச்சி பாத்தா மர நிரை முழுக்க வெள்ளையா தெரியுது. மரத்துல கைய வெச்சேன். தண்ணி முழங்கை வரைக்கும் ஓடுச்சி. ஆறே கால் வரைக்கும் விடல. எப்படிண்ணே வெட்டறது?"

"கிராணி என்ன சொன்னாரு?"

"கம்பம் பொய் சொல்லாது மண்டோரேன்னாரு. எட்டாந்தேதி ராத்திரி எட்டு நாப்பதுக்குப் புடிச்சி பத்து இருவதுக்கு மழ விட்டுருச்சாம். அதுக்கப்பறம் ஆறு ஏழு மணி நேரம் மரம் காயறதுக்கு. ஏன் வெட்டலன்னு கேக்கறாரு. எட்டாந்தேதி ராத்திரி நான் வாசல்ல ஒக்காந்து கால் சப்பாத்துக்குக் கோந்து ஒட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு சொட்டு இல்ல. மழயில நின்னவன் நான். மழ எப்ப பேஞ்சிச்சின்னு பேப்பர்கிட்ட போயி கேக்கணுமா?"

கம்பத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். கிராணி சொன்ன மணிதான் அதில் இருந்தது. எட்டாம் தேதி, இருபது நாற்பது முதல் இருபத்திரண்டு இருபது வரை, முப்பத்து மூன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர். அதோடு மழைப் புத்தகத்தையும் பார்த்தேன். ஆபீஸ் பின்புறம் கம்பி வேலிக்குள் ஒரு செம்பு டின் இருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார்கள். அதிலும் எட்டாம் தேதிக் கட்டத்தில் முப்பத்து நான்கு. ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் பூஜ்ஜியம்.

எழுதியது பிரேமாவதியின் கை. அவள் ஆபீசில் கூட்டிப் பெருக்கி, காப்பி கலக்கி, தபால் எடுத்து, இந்த டின்னையும் பார்க்கிறவள். பதினோரு வருடமாக.

"ரெண்டு சாட்சியும் ஒண்ணா சேந்து நிக்கிதே," என்றார் லோகேஸ்வரன். "ஒண்ணு மெசினு. இன்னொண்ணு பொண்டாட்டி. இத நான் எப்படி வாதாடறது?"

பிரேமாவதி கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அந்த முப்பத்து நாலு ஒம்போதாந்தேதி காலைல நான் ஊத்திப் பாத்தது."

"அப்ப ஏம்மா எட்டுல எழுதின?"

"அதான் சட்டம். இன்னிக்கிக் காலைல எட்டு மணிக்குப் பாத்தா, அது நேத்து எட்டு மணியில இருந்து சேந்த தண்ணி. அதனால நேத்துக் கட்டத்துல போடணும். பழைய கிராணி சொல்லிக் குடுத்தாரு. புத்தகத்து அட்டை உள்பக்கம் மலாய்லயே எழுதியிருக்கு. விசாரணையில நான் சொன்னேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க."

"இத ஏம்மா எங்ககிட்ட முன்னயே சொல்லல?"

"சொன்னேன். திங்கக்கிழமை ஒங்க வீட்டு வாசல்ல நின்னு சொன்னேன். நீங்க மாநாட்டுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தீங்க."

ராக்காயி சிரித்தது முன்னறைவரை கேட்டது. லோகேஸ்வரன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

டின் சங்கதி விளங்கிவிட்டது. ஆனால் கம்பம் மணியோடு சொல்கிறது. காளிதாசன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். வெளியே தூறல். பக்கத்து வீட்டுக் கோழிகள் மோட்டார் சைக்கிளின் அடியில் ஒண்டியிருந்தன.

இவ்வளவு நேரம் கம்பக் கணக்கின் இரண்டாவது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரூபினி, "அங்கிள், இந்த வரிசை வெயிலா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். மழைக்குப் பக்கத்தில் வெப்பம், அதற்குப் பக்கத்தில் வெயிலின் அளவு.

"ஒம்போதாந்தேதி காலைல அஞ்சு இருவதுக்கு உச்சி வெயில் அடிச்சிருக்கு. ஆறு மணிக்கு முப்பத்து மூணு டிகிரி. மத்தியானம் ஒரு மணிக்கு வெயில் பூஜ்ஜியம். எல்லா நாளும் இப்படியே இருக்கு."

"காலைல அஞ்சு மணிக்கு உச்சி வெயிலா?" என்றாள் ராக்காயி. "அப்ப நாங்க தலைல லைட்டு கட்டிக்கிட்டுப் போறது என்னாத்துக்கு?"

"நேரம் தப்பா இருக்குப்பா. மொத்தமா எட்டு மணி நேரம் பின்னாடி இருக்கு. எட்டாந்தேதி ராத்திரி எட்டு நாப்பதுன்னு போட்டுருக்கறத எட்டு மணி நேரம் தள்ளுங்க."

காளிதாசன் விரல்களை மடக்கி எண்ணினார். "ஒம்போதாந்தேதி காலைல நாலு நாப்பது."

"ஆறு இருவதுக்கு விட்டுருச்சி."

"அதத்தான் நான் சொன்னேன்."

"அதத்தான் நீங்க சொன்னீங்க."

காளிதாசன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "அப்ப ஏன் இந்தக் கம்பத்த நட்டானுங்க? நம்ம ஊரு மணி அதுக்குத் தெரியாதா? அது எந்த ஊரு மணி?"

கம்பத்தை நட்ட நிறுவனத்தின் டெக்னீஷியன் பெயர் எர்னஸ்ட், அலோர் ஸ்டார்க்காரர். ஆபீசுக்கு வரும்போது காப்பி போட்டுக் கொடுத்த பழக்கத்தில் பிரேமாவதியிடம் அவர் நம்பர் இருந்தது. ரூபினி கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தாள். அவர் குடும்பத்தோடு கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ மீன் விலை கூவுவது கேட்டது.

"அது உலக நேரம் லா," என்றார் எர்னஸ்ட். "லண்டன் பக்கத்து மணின்னு வெச்சுக்குங்களேன். எல்லா ஸ்டேஷனும் அதுலதான் எழுதும். அப்பதான் ஒரு நாட்டுக் கணக்க இன்னொரு நாட்டோட சேத்துப் பாக்க முடியும். நம்ம மணி வேணும்னா அதோட எட்டு கூட்டிக்கணும். நான் நட்ட அன்னிக்கே ஒங்க ஆபீசுக்கு மெயில் போட்டேன்."

"யாரும் எட்டு கூட்டலண்ணே," என்றாள் ரூபினி.

"அதுக்கு நான் என்ன செய்ய? மெயில படிச்சாங்களான்னு நான் வந்து பாக்க முடியுமா?"

"பதினேழாந்தேதிக்குக் கம்பத்துல மழையே இல்லன்னு போட்டுருக்கு. எட்டு கூட்டினாலும் இல்ல."

"பதினேழா? இருங்க இருங்க. பன்னெண்டுல இருந்து இருவது வரைக்கும் அந்த ஸ்டேஷன் மழைக் கணக்க நம்பக் கூடாது. உள்ள ஒரு குட்டிக் கரண்டி இருக்கும், தண்ணி ரொம்பினா சாஞ்சி ஒண்ணுன்னு எண்ணும். எறும்பு கூடு கட்டி அது ஆடாம நின்னுருச்சி. இருவதாந்தேதி நான்தான் வந்து சுத்தம் பண்ணேன். அந்த நாளுக்கெல்லாம் கடைசி கட்டத்துல இங்கிலீஷ்ல எஸ்னு போட்டு அனுப்பியிருக்கேனே. எஸ்னா சந்தேகம்னு அர்த்தம். பாக்கல?"

ரூபினி தாளைப் புரட்டினாள். அப்படி ஒரு கட்டமே இல்லை. தாளின் வலது ஓரத்தில் கோடுகள் பாதியில் அறுந்திருந்தன. பெரிய கிராணி ரமணி அச்செடுத்தபோது அகலம் போதாமல் கடைசிக் கட்டம் தாளுக்கு வெளியே போயிருக்கிறது.

"பேப்பர் பத்தலன்னு வெட்டிட்டாங்கண்ணே," என்றாள்.

"ஐயோ கடவுளே," என்றார் எர்னஸ்ட், அலுப்போடு. "இங்க பாரும்மா, முழுக் கணக்கு ஒங்க ஆபீஸ் மெயில்லயே இருக்கு. நான் தனியா ஒங்களுக்குக் குடுத்தா என் வேலைக்குப் பிரச்சினை. மேல் ஆபீஸ் கேட்டா ஒரு நிமிசத்துல அனுப்புவேன். அத மேல் ஆபீசுக்குப் போற சூராட்ல எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க, பரவால்ல. ரெண்டு விசயம் சொல்லுங்க: எட்டு மணி நேரம், எஸ். வேற ஒண்ணும் வேணாம்."

போனை வைத்ததும் லோகேஸ்வரன் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தார். "முடிஞ்சிச்சி கேசு. ஒம்போதாந்தேதிக்கு மணி தப்பு. பதினேழாந்தேதிக்குக் கம்பமே கெட்டுப் போயி ரோசாக். எழுதுங்கண்ணே. இந்தக் கிளை எடுத்துக்கிட்ட முயற்சியாலன்னு ஒரு வரி…"

"முடியல," என்றாள் ரூபினி.

மழைப் புத்தக நகலை அவள் கையில் வைத்திருந்தாள். "கம்பம் கெட்டுப் போச்சின்னா, டின்னு இருக்கேம்பாங்க. பதினேழாந்தேதி காலைல பேஞ்ச மழை எந்தக் கட்டத்துல இருக்கணும்? பதினாறுல. பதினாறுல பூஜ்ஜியம். பதினேழுலயும் பூஜ்ஜியம். பதினெட்டுல நாப்பத்தொண்ணு. டின்னு கணக்குப்படி பதினேழாந்தேதி காலைல மழ இல்ல."

"பேஞ்சிச்சி," என்றாள் ராக்காயி. "அஞ்சு மணியில இருந்து ஆறு வரைக்கும். என் சப்பாத்துக்குள்ள தண்ணி. எனக்குத் தேதி தெரியாது, ஆனா மொத நாளு மீன்காரன் வந்தான்."

"மீன்காரன் வந்தான்னு மேல் ஆபீசுக்கு எழுத முடியுமா?" என்றார் லோகேஸ்வரன்.

கும்பலில் ஒன்பது பேர் வங்காளதேசத்து ஆட்கள். அவர்களைக் கொண்டுவந்த குத்தகைக்காரன் அனுமதி இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார்கள்; அனுமதி வராது. மற்றவர்களில் முனியாண்டி மட்டும் விசாரணையில் மழை பெய்தது என்றான். எந்தத் தேதி என்றபோது யோசித்து, பதினாறா பதினேழா என்று இரண்டு தேதி சொன்னான். அதையே அவனுக்கு எதிராக எழுதிக்கொண்டார்கள்.

நான் பிரேமாவதியைப் பார்க்கவில்லை. புத்தக நகலைப் பார்த்தபடியே கேட்டேன்: "பாக்காத நாளுக்கு என்னம்மா போடுவீங்க?"

கீரை ஆய்கிற சத்தம் நின்றுவிட்டது.

"முன்னெல்லாம் கோடு போடுவேன்," என்றாள் பிரேமாவதி. "கோடுன்னா பாக்கலன்னு அர்த்தம். ரமணி கிராணி வந்தப்பறம், கம்ப்யூட்டரு கோட்ட எடுக்க மாட்டேங்குது, வெத்துக் கட்டத்தப் பாத்தா மேல இருந்து போன் வருது, பூஜ்ஜியம் போட்டுருன்னாரு. அதுல இருந்து பூஜ்ஜியம்."

"பதினேழாந்தேதி காலைல நீங்க எங்க இருந்தீங்க?"

"பெரியாஸ்பத்திரியில. இவளுக்கு டிங்கிக் காய்ச்சலு. மூணு நாளு இவ பக்கத்துலயே இருந்துட்டு பதினெட்டு ராத்திரிதான் வந்தேன். பத்தொம்போது காலைல டின்னத் தெறந்தா நாப்பத்தொண்ணு. எல்லாத்தயும் பதினெட்டுல எழுதினேன். முன்ன இருந்த ரெண்டு கட்டத்துலயும்…" அவள் முறத்தை ஒதுக்கி வைத்தாள். "நான் பாக்கலண்ணே. மூணு நாளு தண்ணி அது."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த இரண்டு பூஜ்ஜியங்களும் மழை இல்லை என்று சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் சொல்கின்றன. அதைக் கடிதத்தில் எழுதினால் காளிதாசன் பொய் சொல்லவில்லை என்று ஆகும். ஆபீஸ் பதிவில் பார்க்காததைப் பார்த்ததாகப் பிரேமாவதி எழுதினாள் என்றும் ஆகும். அதற்கும் ஒரு விசாரணை உண்டு, அதற்கும் இதே தண்டனைதான்.

"அந்தப் பேப்பர எடு," என்றார் காளிதாசன். ரூபினி எடுக்கவில்லை. அவரே மேசைக்கு வந்து ஒப்புதல் கடிதத்தை இழுத்துக்கொண்டார். "அண்ணே, பேனா குடுங்க."

"எதுக்கு?"

"நான் புல்லு வெட்றேன். வீடு இருக்கும், அவ வேலயும் இருக்கும். ரெண்டு பேரு வேலயும் போயி நடுரோட்டுல நிக்கறதுக்கு இதுவே தேவலாம்."

"அப்பா, ஒம்போதாந்தேதிக்கு மட்டுமாவது எழுதலாம். அதுல அம்மா பேரே வராது."

"ஒரு நாளு பொய் சொன்னாலும் பொய்யன்தான். அவங்களுக்கு ஒண்ணே போதும்."

"எல்லாம் என்னாலதான். எனக்குக் காய்ச்சலு வரலன்னா…"

"வாய மூடு," என்றாள் பிரேமாவதி. "காய்ச்சல நீயா வெத்தல பாக்கு வெச்சிக் கூப்பிட்ட?"

அவள் எழுந்து முன்னறைக்கு வந்தாள். கையில் கீரையின் ஈரம். காளிதாசனுக்கு எதிரே நின்றாள்.

"பொய் சொன்னேன்னு கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"எழுதிட்டா ஆயிடுமா? போடறது பேப்பர்லதான."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பேப்பர்லதானன்னு பூஜ்ஜியம் போட்டேன். இப்ப பாருங்க, ஒங்க மேல வந்து விழுந்திருக்கு."

"அவரு சொல்லித்தான நீ போட்ட? கிராணிதான் போடச் சொன்னாருன்னு எழுது."

"வாயால சொன்னாரு. எழுதினது என் கை. நான் சொல்லவே இல்லம்பாரு. அப்பறம் நானும் அவரும் மாத்தி மாத்தி சத்தியம் பண்ணிக்கிட்டு நிக்கணும்."

"அப்ப என்னாதான் செய்யணுங்கற?" காளிதாசனின் குரல் முதன்முறையாக ஏறியது. "இருவத்தாறு வருசமா காலைல நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, மரத்த ஏமாத்துனது கெடயாது. ரெண்டு நாளு மழ பேஞ்சதுக்கு நான் இந்தப் பாடு படணுமா? வானத்துல பேஞ்சத எவன் எவனோ எந்தெந்தக் கட்டத்துலயோ எழுதிக்கிட்டு, வந்து என்ன கேக்கறானுங்க. கட்டத்துக்காரன் எவனும் நனயல."

பிரேமாவதி அவர் கையிலிருந்த தாளை வாங்கி, மடிக்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். பிறகு தரையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"எழுதுங்கண்ணே. எனக்குன்னு ஒரு பாரா. நான் சொல்ல சொல்ல எழுதுங்க. மலாய்ல நீங்களே மாத்திக்குங்க."

"பிரேமா," என்றார் காளிதாசன்.

"நீங்க ஒங்க பாராவுல மட்டும் பேசுங்க."

கடிதம் எழுத மூன்று மணி நேரம் பிடித்தது. முதல் பத்தி, ஒன்பதாம் தேதி: கம்பத்தின் மணிக்கும் நம் மணிக்கும் எட்டு மணி வித்தியாசம், சான்று, அதே தாளில் காலை ஐந்தரைக்குள் உச்சி வெயில். இரண்டாவது, டின் புத்தகத்தின் விதி: காலை எட்டுக்குப் பார்ப்பது முந்தின நாள் கட்டத்தில். மூன்றாவது, பன்னிரண்டு முதல் இருபது வரை கம்பத்தின் மழைக் கணக்கில் சந்தேகக் குறி இருப்பது, முழுக் கணக்கை எர்னஸ்டிடம் கேட்டு வாங்கும்படி வேண்டுகோள். மூன்றாவதில் இன்னொன்றையும் ரூபினி சேர்க்கச் சொன்னாள்: டின்னில் நாற்பத்தொரு மில்லிமீட்டர் சேர்ந்த நாட்களில் கம்பம் ஒரு துளிகூடக் காட்டவில்லை. லோகேஸ்வரன் குழாய்த் தண்ணீரை இரண்டு முறை நுழைக்கப் பார்த்தார். இரண்டாவது முறை ராக்காயி அவருக்கு ஒரு தட்டு சோறும் கங்கோங் பிரட்டலும் சார்டின் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு அவர் தட்டைக் கவனித்துக்கொண்டார்.

நாலாவது பத்தியை எழுதி முடித்து, தமிழில் வாசித்துக் காட்டினேன். "மருத்துவமனையில் இருந்த காரணத்தால் பதினேழு, பதினெட்டு ஆகிய நாட்களில் மழை அளவை எடுக்க இயலாமல் போயிற்று. ஆகவே முந்தைய கட்டங்களில் உள்ள பூஜ்ஜியங்கள்…"

"இயலாமப் போயிற்றா?" என்றாள் பிரேமாவதி.

"அப்படித்தாம்மா எழுதறது வழக்கம்."

"நான் பாக்கல. அப்படியே எழுதுங்க. பாக்கல, ஆனா பூஜ்ஜியம்னு எழுதினேன். அந்தக் கட்டத்துல கோடு போட்டிருக்கணும். போடல. அது தப்பு, என் தப்பு. அதுக்காக மண்டோர பொய்யன்னு சொல்லக் கூடாது. இவ்வளவுதான்."

"ஆபீஸ்ல சொல்லித்தான் பூஜ்ஜியம் போடற பழக்கம் வந்திச்சின்னு ஒரு வரி?"

அவள் யோசித்தாள். "போடுங்க. பேரு வேணாம். கோடு போட்டா கம்ப்யூட்டரு எடுக்கறதில்லன்னு போடுங்க. அது உண்மை. யாரு வேணும்னாலும் வந்து தட்டிப் பாத்துக்கலாம்."

அந்த வரியை அப்படியே எழுதினேன். கடைசியில் ராக்காயி பெருவிரலை மையில் தோய்த்து, தேதி தெரியாது, இரண்டு நாளும் நனைந்தேன் என்று ஒரு தனித் தாளில் ரேகை வைத்தாள். எழுதப் படிக்கத் தெரியும் அவளுக்கு. கையெழுத்தை யாரும் நம்புவதில்லை, ரேகையைத்தான் நம்புகிறார்கள் என்றாள்.

ஞாயிறு காலை எட்டரைக்கு முன்பே குருண் தபால் நிலையத்து வாசலில் நின்றேன். ஒன்பதரைக்குத்தான் காளிதாசனும் பிரேமாவதியும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பெரிய சாலையில் தொழிற்சாலை லாரிகள் தண்ணீரை வாரியடித்ததில் காளிதாசனின் கால்சட்டை முழங்கால்வரை சேறு. பிரேமாவதி கடித உறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரெயின்கோட்டுக்குள் மார்போடு அணைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஏன் தாமதம் என்று கேட்டேன்.

"வழியில நிறுத்திட்டாரு," என்றாள். "நாலாவது பாராவ மட்டும் கிழிச்சிரலாம்னாரு. பெட்ரோல் ஸ்டேஷன்ல நின்னு அரை மணி நேரம்."

"கிழிச்சீங்களா?"

காளிதாசன் தலைக்கவசத்தைக் கழற்றினார். "அவகிட்ட பேசி ஜெயிக்கறதுக்கு நான் மேனேஜர்கிட்டயே பேசிட்டுப் போவேன்."

உள்ளே மூன்று பேர் வரிசையில் முன்னால் நின்றார்கள். ஓரத்து மேசையில் உறையைப் பிரித்துத் தாள்களை நான் கடைசியாக எண்ணினேன்: கடிதம் மூன்று பக்கம், இணைப்பு ஐந்து தாள், ரேகைத் தாள் ஒன்று. சரியாக இருந்தது. மூடுவதற்கு முன், அனுப்புநர் பெயரை எழுதும்படி உறையைக் காளிதாசனிடம் நீட்டினேன். அவர் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினார். கீழே தோட்டத்தின் பெயர், வீட்டு எண், அஞ்சல் குறியீடு. எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

பிரேமாவதி அந்தப் பேனாவை வாங்கித் திறந்தாள். அவர் பெயருக்கும் தோட்டத்துப் பெயருக்கும் நடுவே இடமில்லை. அதனால் அவர் பெயருக்கு மேலே, உறையின் விளிம்பை ஒட்டி, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். காளிதாசன் பார்த்துக்கொண்டே நின்றார். மேசையிலிருந்த கோந்துப் புட்டியை அவரே திறந்து, உறையின் மடிப்பில் தடவி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினார்.

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் உறையை எடைபோட்டு, பதிவுச் சீட்டை ஒட்டி, தேதி முத்திரையைக் குத்தினாள். அனுப்புநர் இடத்தைப் பார்த்து, இரண்டு பேரா என்று மலாயில் கேட்டாள். ஆமாம், இரண்டு பேர் என்று காளிதாசன் சொன்னார். அவள் உறையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.